ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது!

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சில் களிமண் வார்க்கும் வேலை செய்கிற ஒரு தாய் அண்மையில் நம்மிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்.

கைக்குழந்தைக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி போட அவர் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தார். ஆறாவது வார ஊசிக்குப் பிறகு குழந்தைக்கு ஜுரம் கண்டிருந்தது. ஆகவே, அங்கிருந்த இளம் டாக்டரிடம் கேட்டார்: "ஐயா, போன தடவை ராத்திரி பூரா ஜுரம் அடிச்சுது. இந்தத் தடவையும் வருமா? ஏதும் ஆபத்து உண்டுங்களா?" டாக்டர் சீட்டிலிருந்து நிமிரவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா, குழந்தை காலைப் பிடி" என்றார். ஊசி போட்டாயிற்று.

அன்று இரவு குழந்தைக்கு ஜுரம் வந்தது. தொடை வீங்கியது. விடிய விடிய அழுதது. தாய் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாள் கூலி போயிற்று. மாமியார் ஒன்று சொன்னார், அக்கம்பக்கத்தார் ஒன்பது சொன்னார்கள். பதினான்காவது வாரம் வந்தது. அந்தத் தாய் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. ஏன் என்று கேட்டோம். "டாக்டரே பொய் சொன்னா, அப்புறம் யாரை நம்பறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு, டாக்டருக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த டாக்டரைப் பயிற்றுவித்து அனுப்பிய கல்லூரிக்கும் சர்க்காருக்கும் உண்டு.

அந்த டாக்டர் கெட்டவர் அல்ல. உயிருக்கு ஆபத்து வராது என்பதைத்தான் அவர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னார். ஆனால் தாய் கேட்டது என்ன? ஜுரம் வருமா என்று கேட்டார். "வரும். ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு இந்த ஊசியால் ஜுரம் வரும். ஊசி போட்ட இடம் வீங்கும், சிவக்கும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். எடைக்குத் தக்க அளவில் பாரசிட்டமால் மருந்து கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் கிடைக்காததால் ஒரு குழந்தை மூன்றாவது தவணையை இழந்தது.

தடுப்பூசியினால் வரக்கூடிய தொல்லைகளையும் ஆபத்துகளையும் ஜனங்களிடம் மறைக்காமல், பயமுறுத்தாமல், புரியும்படி எடுத்துச் சொல்வது ஒரு கலை. கலை என்றால் அதைக் கற்றுக் கொடுக்க வேண்டும், பழக்க வேண்டும், பரீட்சை வைக்க வேண்டும். நமது மருத்துவக் கல்லூரிகள் அதைப் போதுமான அளவு செய்யவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

ஆரம்பத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். நாம் தடுப்பூசிக்கு எதிரிகள் அல்லர். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பிணம் விழச் செய்த பெரியம்மை, 1975க்குப் பின் இந்த நாட்டில் இல்லை. எத்தனையோ ஏழைக் குழந்தைகளின் காலை முடக்கிய இளம்பிள்ளை வாதம், 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் காணவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்குச் சான்று அளித்தது. தட்டம்மையோ இன்னும் சாகவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அது கொன்றது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாத, ஐந்து வயதுக்குட்பட்ட, ஏழை நாட்டுக் குழந்தைகள். ஆகவே தடுப்பூசி தொழிலாளி வர்க்கத்தின் உடைமை. அதை இழக்க நாம் தயாரில்லை. இழக்கக்கூடாது என்பதால்தான் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

ஜனங்களின் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது படித்தவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

2008 ஏப்ரல் மாதம் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் சிறிது நேரத்துக்குள் இறந்தன. தமிழகமே நடுங்கியது. சர்க்கார் தட்டம்மை ஊசியை நிறுத்தி வைத்தது. பிறகு, கிராமங்களுக்கே போய் ஊசி போடும் வழக்கத்தைக் கைவிட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி போட வேண்டும் என்று உத்தரவு போட்டது. பாதுகாப்புக்காகத்தான் உத்தரவு, மறுக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? நாற்று நடப்போன பெண், அன்றைய கூலியை விட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பல மைல் போக வேண்டியதாயிற்று.

தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். 2005-06ல் தமிழகத்தில் எல்லாத் தடுப்பூசிகளும் முழுமையாகப் போடப்பட்ட குழந்தைகள் நூற்றுக்கு 81 பேர். 2015-16ல் அது 70 ஆகக் குறைந்தது. 2019-21ல்தான் 89 ஆக உயர்ந்தது. நடுவில் விழுந்த இந்தப் பள்ளத்துக்குத் திருவள்ளூர் ஒன்றே காரணம் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் நான்கு பிணங்களின் நினைவும், தொலைவுக்குப் போன ஊசியும் அதில் பங்கு பெறவில்லை என்று யார் சொல்ல முடியும்?

அந்த வேளையில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு டாக்டர் நின்று விளக்கியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஊசி போட்ட பின் ஏதேனும் நேர்ந்தால் அதற்கு ஐந்து விதமான காரணங்கள் இருக்கலாம் என்று மருத்துவ விஞ்ஞானம் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று, மருந்தின் இயல்பே உண்டாக்கும் விளைவு. இரண்டு, தயாரிப்பில் நேர்ந்த குறை. மூன்று, ஊசி போடும் முறையில் நேர்ந்த தவறு. நான்கு, பயத்தால் வரும் மயக்கமும் படபடப்பும். ஐந்து, ஊசிக்குச் சம்பந்தமே இல்லாமல் அதே நேரத்தில் வந்த வேறு வியாதி.

தட்டம்மை மருந்து பொடியாக வருகிறது. அதற்கென்று உள்ள திரவத்தில் கரைத்துத்தான் போட வேண்டும். கரைத்ததை நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வேறு மருந்துக் குப்பி கைமாறி வந்தாலோ, கரைத்த மருந்து கெட்டுப் போனாலோ உயிருக்கே உலை. அப்படி நேர்ந்தால் அது முறையின் குற்றம். மருந்தின் குற்றம் அல்ல. சூளையில் நெருப்பு மிஞ்சிப் பீங்கான் வெடித்தால் களிமண்ணைக் குறை சொல்வோமா? இந்த வேறுபாட்டை நமது தொழிலாளி இரண்டு வார்த்தையில் புரிந்துகொள்வார். ஆனால் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழகத்தில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்குப் போடத் திட்டம். தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பிப்ரவரிக்குள் முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. வதந்தியைக் கிளப்பியவர்கள் குற்றவாளிகளே. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் எத்தனை ஊரில் பெற்றோரைக் கூட்டி உட்காரவைத்து, "என்ன சந்தேகம், கேளுங்கள்" என்று சொன்னார்கள்? நோட்டீஸ் வந்தது, மைக் கட்டிய வண்டி வந்தது. கேள்விக்குக் காது கொடுக்கும் ஆள் வந்தது குறைவு. ஆள் வராத இடத்தில் வதந்திதான் நாட்டாமை செய்யும்.

2021ல் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். ஜனங்கள் பயப்படக்கூடாது என்பதற்காக எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் உடனே சொன்னார்கள். தேசிய அளவில் ஆராய்ந்த நிபுணர் குழுவும் தற்செயல்தான் என்று முடிவு கூறியது. ஆனால் அந்த முடிவு வெளிவந்தது அக்டோபரில். இடையிலிருந்த ஆறு மாத காலம், எத்தனையோ டீக்கடைகளில் விவேக்கின் பெயரைச் சொல்லி ஊசியை ஒதுக்கினார்கள்.

தற்செயல் என்ற வார்த்தையை விளக்குவது கஷ்டமா? ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் நாட்டில் தினந்தோறும் ஆயிரக்கணக்கானோருக்கு மாரடைப்பு வருகிறது. ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்டால், அவர்களில் சிலருக்கு மறுநாள் மாரடைப்பு வரத்தான் செய்யும். ஊசி போட்டவர்களிடம் அது வழக்கத்தைவிட அதிகமாக வருகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதை வாயிற்கூட்டத்தில் சொன்னால் எந்த மில் தொழிலாளிக்குப் புரியாது?

அதே 2021 மே மாதத்தில் இன்னொரு சம்பவம். கோவிஷீல்டு ஊசிக்குப் பின் ரத்தம் உறையும் கோளாறு என்று கருதத்தக்க 26 நேர்வுகளைக் கண்டதாகவும், அது பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றுக்கும் குறைவு என்றும் மத்திய சர்க்காரின் நிபுணர் குழு தெரிவித்தது. மூச்சுத் திணறல், மார்வலி, கால் வீக்கம், விடாத தலைவலி இவை வந்தால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றும் சர்க்கார் அறிவித்தது. இது நல்ல காரியம், நேர்மையான காரியம். ஆனால் அந்த அறிவிப்பு டில்லியிலிருந்து விருத்தாசலத்து வரிசைக்கு வந்து சேர்ந்ததா? வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு இந்த அடையாளங்கள் தமிழில் சொல்லப்பட்டன? வந்து சேர்க்க வேண்டிய வாய் டாக்டரின் வாய். அந்த வாய்க்குப் பயிற்சி இல்லை.

சரி, டாக்டருக்கு என்னதான் கற்றுக் கொடுக்கிறார்கள்?

நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. எந்த ஊசி எந்த வயதில், எந்தத் தொடையில், எத்தனை மில்லி, எத்தனை டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பரீட்சையில் கேட்கிறார்கள், ஆகவே படிக்கிறார். 2019ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து பாடத்திட்டம் மாறியது. மனப்பான்மை, நெறிமுறை, நோயாளியுடன் பேசும் முறை ஆகியவற்றுக்கென்று தனிப் பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். குழந்தை மருத்துவப் பாடத்தில், தடுப்பூசியின் பாதகங்களைப் பற்றியும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதைப் பற்றியும் ஓர் அம்சம் இருக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். போராடிப் பெற வேண்டிய ஒன்று ஏட்டிலாவது வந்திருக்கிறது.

ஆனால் அதே பாடத்தில் இன்னொரு அம்சமும் இருக்கிறது. தடுப்பூசி விஷயத்தில் 'உட்கிடையான சம்மதம்' என்றால் என்ன என்பதை மாணவர் விளக்க வேண்டுமாம். அதாவது, தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாலே சம்மதித்ததாக அர்த்தம். சட்டத்துக்கு அது போதும். தாய்க்குப் போதுமா? சந்தேகத்தோடு வந்தவளும் வந்தவள்தான். கேள்வி கேட்க வந்தவளும் வந்தவள்தான். வந்ததையே சம்மதமாக எண்ணப் பழகிய டாக்டர், கேள்வி கேட்டால் அதை எதிர்ப்பாக எண்ணுகிறார். இங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

பயிற்சி டாக்டர்கள் சிலரிடம் பேசினோம். பேசும் முறை பற்றிய பகுதியை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு பல இடங்களில் முடித்துவிடுகிறார்கள் என்றார்கள். பயிற்சி வருஷத்தில் மேற்படிப்புக்கான நுழைவுப் பரீட்சை தலைக்கு மேல் தொங்குகிறது. நான்கு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை அது. அழும் குழந்தையோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் என்ன சொல்வீர்கள் என்று அந்தப் பரீட்சை கேட்பதில்லை. கேட்காததை எவர் படிப்பார்?

வேடிக்கையைப் பாருங்கள். ஊசி போடும் ஊழியர்களுக்கு நான்கு செய்திகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று பாடம் வைத்திருக்கிறார்கள்: இன்று போட்ட ஊசி எது, எந்த நோயைத் தடுக்கும், என்ன தொல்லை வரலாம், வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாகக் கொண்டு வர வேண்டும். நர்ஸுக்கு இந்த நான்கும் கடமை. நாலரை வருஷம் படித்தவருக்கு இதைச் சொல்லிப் பார்க்கும் பழக்கம்கூட இல்லை. கிராமத்துச் சந்து பொந்தெல்லாம் நடந்து, தாய்மாரின் பெயர் சொல்லிக் கூப்பிடும் கிராம சுகாதார நர்ஸிடம் இந்த டாக்டர் பாடம் கேட்பதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

இன்னொரு உதாரணம் சொல்கிறோம். இது பீங்கான் தொழிலாளிகளுக்கு மிகவும் சம்பந்தப்பட்டது. பிறந்ததும் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் தழும்பு இருந்தால் காசநோய் வராது என்று நம்புகிறவர்கள் நமது சங்கங்களிலேயே இருக்கிறார்கள்.

இந்த ஊசியை எல்லோருக்கும் போடும் திட்டத்தை எதிர்த்து 1955ல் ராஜாஜி எழுதினார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று காலம் தீர்ப்பளிக்கவில்லை. சர்க்கார் தரப்பில் சொன்னதெல்லாம் சரி என்றும் தீர்ப்பளிக்கவில்லை. 1968ல் செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு மாபெரும் ஆராய்ச்சி தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைக் கிராமவாசிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்று அது காட்டியது. அப்படியானால் ஊசி வீணா? இல்லை. பச்சைக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசத்தையும், உடலெங்கும் பரவும் காசத்தையும் தடுப்பதில் அது பயன் தருகிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள்.

இந்த இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்வதே உண்மை. முதல் பாதியை மட்டும் சொன்னால் தாய் ஊசியைக் கைவிடுவாள். இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் சிலிக்காத் தூசியில் மூச்சு விடும் தொழிலாளி, தழும்பை நம்பி இருமலை அலட்சியம் செய்வார். கல்தூசி நுரையீரலில் படிந்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு அதிகம். பத்து வருஷம் சூளை வேலை செய்தவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், தோளைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி எதைச் செய்யும் என்பதோடு எதைச் செய்யாது என்பதையும் டாக்டர் சொல்லப் பழக வேண்டும்.

எண்களைச் சொல்லும் விதத்திலும் பயிற்சி வேண்டும். ஊசியால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்குச் சுமார் ஒன்று என்கிறார்கள். பத்து லட்சம் என்றால் கூலிக்காரருக்கு என்ன தெரியும் என்று டாக்டர் நினைக்கிறார். நாம் சொல்லிக் காட்டுகிறோம்: 2011 கணக்குப்படி விருத்தாசலம் நகரத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இப்படிச் சுமார் பதினான்கு விருத்தாசலங்களில் உள்ள அத்தனை பேருக்கும் ஊசி போட்டால், ஒருவருக்கு அந்த ஆபத்து வரலாம். அந்த ஒருவருக்காகத்தான் ஊசி போட்ட பின் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள்; அவருக்காகத்தான் அட்ரினலின் மருந்து பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். மறுபக்கம், தட்டம்மை வந்த ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளை வீங்குகிறது. ஆயிரத்தில் ஒன்றா, பத்து லட்சத்தில் ஒன்றா? கூலியை எண்ணி வாங்கத் தெரிந்தவருக்கு இதை எடைபோடவும் தெரியும்.

அந்த அரைமணி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்மார் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைத்து, ஒரு பயிற்சி டாக்டர் அவர்கள் எதிரில் உட்கார்ந்து பேசினால் என்ன கெட்டுவிடும்? பணச் செலவு இல்லை; கட்டடம் வேண்டாம். மனம் வேண்டும், உத்தரவு வேண்டும்.

இந்த விஷயத்திலும் வர்க்க வேற்றுமை பல்லைக் காட்டுகிறது. பணம் படைத்தவர் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்து, 'வலியில்லாத ஊசி' என்று ஒன்று இருக்கிறது, ஜுரம் குறைவாக வரும், விலை ஆயிரக்கணக்கில் ஆகும் என்று விளக்குகிறார்கள். கேள்விக்குப் பதில் உண்டு; விருப்பத்துக்கு இடம் உண்டு. ஏழைக்கு ஊசி மட்டும் உண்டு, பேச்சு இல்லை. இதைக் கேள்விப்படும் ஏழைத் தாய், தன் குழந்தைக்கு மட்டமான மருந்து போடுகிறார்கள் என்று எண்ணுகிறாள். உண்மை என்ன? சர்க்கார் ஆஸ்பத்திரியில் போடும் கக்குவான் இருமல் ஊசியால் ஜுரம் அதிகம் வரும்; ஆனால் அதன் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்கும். விலை உயர்ந்த ஊசியின் பாதுகாப்பு விரைவில் தேய்கிறது. இதை ஒரு சர்க்கார் டாக்டர் வாய் திறந்து சொன்னால், ஏழைத் தாய் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவாள்!

பேசாமல் போட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அன்று ஆந்திரத்தில் இருந்த கம்மம் ஜில்லா சாட்சி. 2009ல் அங்கே பழங்குடிச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் போட்டார்கள். பல சிறுமிகளின் சம்மதத் தாளில் பெற்றோரின் கையெழுத்து இல்லை. விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். ஆந்திரத்திலும் குஜராத்திலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் சம்மதம் பெற்ற முறையை 2013ல் பார்லிமெண்ட் நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இதன் பலன் என்ன? நம் பெண்களைக் கொல்லும் ஒரு புற்றுநோய்க்கு எதிரான நல்ல ஊசியின் பெயர் பல ஆண்டுகள் கெட்டுக் கிடந்தது. கையெழுத்தைத் திருடியவர்கள் ஊசியின் நல்ல பெயரையும் சேர்த்துத் திருடினார்கள்.

2022 மே 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது: கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, ஊசிக்குப் பின் நேரும் பாதகங்களை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கட்டாயம் இல்லை என்றால் மிஞ்சுவது என்ன? புரியவைப்பதுதான். புரியவைக்கத் தெரிந்த டாக்டர்களை உருவாக்காமல் இந்தத் தீர்ப்பை நிறைவேற்ற முடியாது.

டாக்டர்கள் மீது மட்டும் பழி போடுவது நமது நோக்கமல்ல. 2017ல் வெளிவந்த ஒரு சர்வதேச ஆய்வு, ஸ்வீடனில் ஒரு நோயாளியுடன் டாக்டர் சராசரி இருபத்திரண்டரை நிமிஷம் செலவிடுகிறார் என்றும், இந்தியாவில் சுமார் இரண்டு நிமிஷம் என்றும் கூறுகிறது. வெளியே இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே ஒரு டாக்டர். காலியிடங்களை நிரப்பாத சர்க்கார், பேசவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது. ஏதாவது நேர்ந்தால் முதலில் நர்ஸின் தலை உருளுகிறது. அடுத்து இளம் டாக்டரின் தலை. இப்படிப் பயத்தில் வேலை செய்கிறவர், ஆபத்து என்ற வார்த்தையையே வாயில் எடுக்க அஞ்சுகிறார். அவரும் வேலைப்பளுவில் நசுங்கும் உழைப்பாளிதான். அவருக்கு நேரமும் பாதுகாப்பும் கேட்பது நமக்காகக் கேட்பதே.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

முதலாவது, கடைசி வருஷ மருத்துவப் பரீட்சையில், தடுப்பூசியைப் பற்றிச் சந்தேகம் கேட்கும் ஒரு தாயுடன் தமிழில் பேசிக் காட்டுவதைக் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். ஊசியின் நன்மை, வரக்கூடிய தொல்லை, அபாய அடையாளம் மூன்றையும் சொல்லி, கேட்டவருக்குப் புரிந்ததா என்று சோதித்துப் பார்க்காதவருக்கு அதில் மார்க் கிடையாது என்று ஆக்க வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி வருஷத்தில் ஒவ்வொரு டாக்டரும் தடுப்பூசி நாட்களில் கிராம சுகாதார நர்ஸுடன் உட்கார்ந்து பழக வேண்டும். மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் 'தத்து' எடுக்கும் ஏற்பாடு ஒன்று அண்மை ஆண்டுகளில் பாடத்திட்டத்தில் வந்திருக்கிறது. நாம் தத்தெடுக்கப்படும் அநாதைகள் அல்லர்! ஆனால் வாருங்கள், பாயைப் போடுகிறோம், எங்கள் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போங்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து, மாணவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021ல் சுகாதார இலாகாவின் கைக்கு வந்த மருத்துவக் கல்லூரி, நமது ஜில்லாவில் இதற்கு முன்கை எடுக்கட்டும். போராடிக் கிடைத்த கல்லூரிக்கு அது பெருமை.

மூன்றாவது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர், நர்ஸ் காலியிடங்களை நிரப்ப வேண்டும். பேச நேரம் இல்லாத இடத்தில் பேச்சுப் பயிற்சி ஏட்டுச் சுரைக்காயே.

நான்காவது, ஊசிக்குப் பின் ஒரு மரணமோ ஊனமோ நேர்ந்தால், விசாரணையின் முடிவை அந்தக் குடும்பத்துக்கும் அந்த ஊருக்கும் குறித்த தேதிக்குள் தமிழில் தெரிவிக்க வேண்டும். யார் குற்றம் என்று கோர்ட்டில் நிரூபிக்கும் வரை இழுத்தடிக்காமல் இழப்பீடு தர வேண்டும். பிரிட்டன் 1979லேயே இதற்குச் சட்டம் செய்தது. "அபூர்வமாக ஆபத்து வந்தால் சர்க்கார் உங்களைக் கைவிடாது" என்று டாக்டர் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வழி செய்யுங்கள்.

நமக்கும் கடமை உண்டு, தோழர்களே! வதந்தியைக் கைபேசியில் தள்ளிவிடுமுன் நர்ஸிடம் கேளுங்கள். தவணை தவறிய குழந்தை இருந்தால் இன்றே தூக்கிக்கொண்டு போங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. போகும்போது கேள்வியோடு போங்கள்: இது என்ன ஊசி? எந்த நோய்க்கு? என்ன தொல்லை வரும்? எது வந்தால் ஓடிவர வேண்டும்? அடுத்து எப்போது? ஐந்து கேள்விகள். கூலியைக் கேட்டு வாங்கப் பழகியவர்கள் பதிலையும் கேட்டு வாங்கலாம். நமது சங்கங்கள், மாதர் அமைப்புகள் ஒரு டாக்டரையும் நர்ஸையும் வாயிற்கூட்டத்துக்கும் களத்துமேட்டுக்கும் அழைத்து, இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவைக்க வேண்டும்.

அந்தப் பீங்கான் தொழிலாளித் தாயிடம் நாம் ஜுரம் ஏன் வந்தது என்று விளக்கினோம். மூன்றாவது தவணையை இப்போதும் போடலாம் என்றோம். சற்று நேரம் யோசித்தார். "இதைத்தானே அன்னைக்குக் கேட்டேன்" என்றார். அடுத்த புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கல்லூரிகள் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடத்தை ஒரு கட்சி ஊழியன் திண்ணையில் உட்கார்ந்து நடத்த வேண்டியிருக்கிறது. நடத்துவோம். ஆனால் சர்க்காரும் பல்கலைக்கழகமும் தங்கள் கடமையைச் செய்யும் வரை கேட்டுக்கொண்டும் இருப்போம்.